மண்வெட்டி பிடித்த கை

(ஒலக்கூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நாட்டைக் காப்பதில் விஞ்சி நிற்பது வாள் பிடித்த கையா? மண்வெட்டி பிடித்த கையா? ‘மண்வெட்டி பிடித்த கையே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

அன்பார்ந்த நடுவர் அவர்களே! வாளை உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பந்தலுக்குள்ளே இடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு கேட்கிற ஒலக்கூர்ப் பெருமக்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிற தாய்மார்களே!

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் எப்படிப் பேசினார் பார்த்தீர்களா? கர்ணன் என்றார், அபிமன்யு என்றார். பக்கத்திலேயே செஞ்சி இருக்கிறது என்று தேசிங்கு ராஜாவையும் குதிரையோடு மேடைக்கு இழுத்து வந்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குக் கை தட்டாதவன் தமிழ் வாத்தியாராக இருக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி. தேசிங்கு இறந்தது 1714-ஆம் ஆண்டு. அதற்கு முன்னாலேயே அதே செஞ்சியில் ஒரு பெரிய முற்றுகை நடந்தது. 1690-இல் முகலாயப் படை வந்து கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே சுல்பிகார் கானின் படை. பீரங்கி இருந்தது, குதிரை இருந்தது, வாள் இருந்தது. எத்தனை நாள் ஆச்சு தெரியுமா கோட்டை விழ? நாள் இல்லைங்க, வருஷம்! 1698-லேதான் கோட்டை கைக்கு வந்தது. எட்டு வருஷம்! இந்தக் காலத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறவங்ககூட அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்க. (சிரிப்பு)

அந்த எட்டு வருஷம் அந்த வாளை எல்லாம் வெளியே நிறுத்தி வைத்தது எது? மூன்று மலையை வளைத்துக் கட்டிய மதில். மதிலுக்கு வெளியே தோண்டிய அகழி. உள்ளே இருப்பவர்கள் தாகத்தால் சாகாமல் இருக்கப் பாறையிலே வெட்டிய சுனை, குளம். அகழியைத் தோண்டியது வாளா? 2025-ஆம் ஆண்டு அந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. தேசிங்கு பெயர் தெரியும், குதிரை பெயர்கூடக் கதைப்பாட்டிலே தெரியும். அகழி வெட்டினவர் பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்! எதிரணியால் முடியாது. என்னாலும் முடியாது. அதுதான் இன்றைக்கு என்னுடைய வழக்கு.

எதிரணித் தலைவர் பாரதத்தை எடுத்தார். நானும் எடுக்கிறேன். அரக்கு மாளிகை. பாண்டவர்களையும் குந்தியையும் உள்ளே வைத்துக் கொளுத்தத் துரியோதனன் திட்டம் போடுகிறான். உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? வில்லுக்கு விஜயன் இருக்கிறான். கதைக்குப் பீமன் இருக்கிறான். தருமத்துக்குத் தருமனே இருக்கிறான். நெருப்புக்கு முன்னால் வில் என்ன செய்யும்? கதை என்ன செய்யும்? விதுரன் யாரை அனுப்பினான்? ஒரு தேர்ப்படையை அனுப்பினானா? இல்லை. மண் தோண்டத் தெரிந்த ஒரே ஒரு ஆளை அனுப்பினான். அவன் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளிருந்தே சுரங்கம் தோண்டினான். வாயைப் பலகையால் மூடி வைத்தான். மாளிகை எரிந்த அன்று இரவு, பாண்டவர் ஐவரும் தாயும் அந்த வழியாகத்தான் தப்பினார்கள்.

அந்த ஒரு சுரங்கம் இல்லை என்றால் திரௌபதி சுயம்வரம் இல்லை, கீதை இல்லை, குருக்ஷேத்திரம் இல்லை, எதிரணித் தலைவருக்கு இன்றைக்குப் பேசப் பேச்சே இல்லை! (கைதட்டல்) சரி, அந்த ஆள் பெயர் என்ன? குதிரைக்கும் சங்குக்கும் வில்லுக்கும்கூடப் பெயர் வைத்த வியாசர், அவனை ‘கனகன்’ என்கிறார். தோண்டுகிறவன் என்று அர்த்தம். அது பெயர் இல்லை ஐயா, தொழில்!

நம் தமிழிலும் இந்தத் தொழிலின் சுவடு உண்டு. கோவலன் மதுரை நகரைப் பார்க்கப் போகிறபோது, யானைக் கூட்டமே போகக்கூடிய நிலத்தடி வழி ஒன்றை இளங்கோவடிகள் காட்டுகிறார். அதற்கு அவர் சொல்கிற சொல் ‘சுருங்கை’. யானை போகிற அளவுக்கு மண்ணுக்கு அடியிலே வழி வெட்டின கையை நினைத்துப் பாருங்கள்.

“அதெல்லாம் புராணம், காப்பியம். உண்மையான யுத்தத்திலே மண்வெட்டி என்ன செய்தது?” என்று அந்த அணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி கேட்டார். சொல்கிறேன் தம்பி.

முதல் உலகப் போர். பெல்ஜியத்திலே இரண்டு பக்கமும் பதுங்கு குழி வெட்டி, முள்கம்பி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தலையைத் தூக்கினால் தலை போச்சு. வாளுக்கும் வேலை இல்லை, குதிரைக்கும் வேலை இல்லை. அப்போது யாரைத் தேடினார்கள்? சுரங்கத் தொழிலாளியைத் தேடினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கச் சுரங்கத்திலும் செப்புச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். அவர்களிலே ஒருவர் ஆலிவர் உட்வர்ட். 1885-இல் பிறந்தவர். சுரங்கப் பொறியாளர். அவருடைய படைப்பிரிவுக்கு, ‘குன்று 60’ என்ற இடத்துக்கு அடியிலே ஏற்கெனவே தோண்டி வைத்திருந்த சுரங்கங்களைக் காத்து நிற்கிற வேலை வந்தது.

எப்படித் தோண்டினார்கள் தெரியுமா? கடப்பாரை போட்டு ஓங்கிக் குத்தினால் சத்தம் கேட்கும். அதனாலே ஒருவர் சாய்வுப் பலகையிலே மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு காலாலும் மண்வாரியைக் களிமண்ணுக்குள்ளே உதைத்துத் தள்ளுவார். ஒருவர் மண்ணை வாங்கிச் சாக்கிலே கட்டுவார். பேச்சு கிடையாது. பூமிக்கடியிலே இருந்து வருகிற மண்ணின் நிறமே வேறு. அதை வெளியே கொட்டினால் ஆகாயத்திலிருந்து எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்று ஒளித்து ஒளித்துக் கொண்டு போவார்கள். விஷக்காற்று வருகிறதா என்று பார்க்கக் கூண்டிலே சின்னக் குருவி. குருவி மயங்கி விழுந்தால் மனிதன் ஓடவேண்டும். எதிரியும் அந்தப் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு வருவான். சுவரிலே காது கருவியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். டக் டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தால் பயமில்லை; அவன் இன்னும் தோண்டுகிறான். சத்தம் நின்றுவிட்டால்தான் பயம். வெடிமருந்தை வைத்துவிட்டான் என்று அர்த்தம்!

நம்ம வீட்டிலேயும் அப்படித்தானே? அடுப்பங்கரையிலே பாத்திரம் உருள்கிற வரைக்கும் பயமில்லை. சத்தமே இல்லை என்றால்தான் ஐயாவுக்கு ஆபத்து! (பலத்த சிரிப்பு)

1917, ஜூன் 7, விடியற்காலை 3 மணி 10 நிமிடம். மெசின் என்ற மேட்டுக்கு அடியிலே வைத்த 19 வெடிக்கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. குன்று 60-இன் விசையை அழுத்தியவர் உட்வர்ட். மலையே எழுந்து உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கான ஜெர்மானிய வீரர்கள் அந்த மண்ணோடு மண்ணாகப் போனார்கள்.

ஒரு செய்தி. அந்த ஆஸ்திரேலியச் சுரங்கக்காரர்களோடு போனவர் எட்ஜ்வர்த் டேவிட். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர். வயது ஐம்பதைத் தாண்டி அறுபதை நெருங்கியபோது படையிலே சேர்ந்தார். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும், எங்கே வராது என்று மண்ணைப் பார்த்துச் சொன்னவர் அவர். கிணற்றுக்குள்ளே இறங்கும்போது கீழே விழுந்து அடிபட்டு, தேறி, மறுபடியும் வேலைக்குப் போனார். பேராசிரியர்களால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்கள். “மண்வெட்டியும் கொலைதானே செய்தது? அப்புறம் வாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?” என்று உங்கள் கண் கேட்கிறது. நியாயமான கேள்வி. தோண்டுகிற கை அழிக்கவும் செய்தது. மறைத்துப் பேசுவதற்கு நான் இங்கே வரவில்லை. ஆனால் அதே கை, அதே பயிற்சி, இன்னொரு பக்கம் என்ன செய்தது என்பதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

1916, ஜூன் 22. பிரான்சிலே வில்லியம் ஹேக்கெட் என்ற ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளி. வயது 43. வயசாயிடுச்சு என்று படையிலே சேர்க்க மறுத்தவர்கள், சுரங்கம் தோண்ட ஆள் வேண்டும் என்றதும் சேர்த்துக்கொண்டார்கள். எதிரியின் வெடியிலே சுரங்கம் இடிந்து ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு சின்னத் துவாரம் போட்டார்கள். மூன்று பேரை ஹேக்கெட் வெளியே அனுப்பினார். அடுத்தது அவர் வரலாம். ஆனால் உள்ளே இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனால் நகர முடியாது. ஹேக்கெட் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். துவாரம் மூடிக்கொண்டது. இரண்டு பேரும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். அவருக்கு விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள்.

இது வேற்று நாட்டுக் கதை. நம்ம ஆள் கதைக்கு வருகிறேன்.

1780-ஆம் ஆண்டு ஹைதர் அலி ஆர்க்காட்டுச் சீமையிலே புகுந்தபோது, இந்தத் திண்டிவனம், வந்தவாசி வட்டாரமெல்லாம் போர்க்களம். அந்த வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி சென்னையிலே இரண்டு கம்பெனி ஆட்களைச் சேர்த்தார்கள். வேலை: படைக்கு முன்னால் போய் வழி வெட்டுவது, குழி தோண்டுவது, பாலம் போடுவது. 1831-இல் அந்தப் படைக்கு ‘மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று பெயர் ஆனது. இன்றைக்குப் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு அதுதான். அந்தப் படையாளுக்கு ராணுவத்திலே என்ன செல்லப்பெயர் தெரியுமா? ‘தம்பி’! பஞ்சாபிக்காரரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். உலகத்திலே எந்தப் படையிலேயாவது எதிரி நடுங்குகிற மாதிரி புலி, சிங்கம் என்று பெயர் வைப்பார்கள். நம்ம ஆளுக்கு வைத்த பெயர் தம்பி. ஏன்? எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்கிறவன் வீட்டிலே யார்? தம்பிதானே! (கைதட்டல்)

1912-இல் அதே படையைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்ற அதிகாரி, நீளக் குழாய்க்குள்ளே வெடிமருந்தை அடைத்து முள்கம்பி வேலியைத் தகர்க்கிற கருவியைச் செய்தார். அதற்கு ‘பெங்களூர் டார்பிடோ’ என்று பெயர். 1944-இல் நார்மண்டிக் கடற்கரையிலே அமெரிக்கர்கள் வேலியை உடைத்தது இதை வைத்துத்தான்.

இப்போது மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

ஆங்கிலத்திலே சுரங்கத்துக்கும் ‘மைன்’ என்று பெயர், கண்ணிவெடிக்கும் ‘மைன்’ என்றே பெயர். காரணம், பழைய காலத்திலே கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதிலே மருந்தைத் திணித்து வெடிப்பார்கள். பிறகு சுரங்கம் சின்னதாகி, சின்னதாகி, ஒரு டப்பா அளவுக்கு வந்து காலடியிலே உட்கார்ந்தது. ஆகவே மண்ணுக்குள் இருக்கிற ஆபத்தைத் தேடி எடுக்கிற வேலையும் இந்தத் தம்பிகளுக்கே வந்தது.

இங்கிருந்து வடக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்திலே கீழ்ஒட்டிவாக்கம் என்று ஒரு கிராமம். அந்த ஊரிலே 1912-இல் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். இரண்டாம் உலகப் போரிலே அவருடைய பிரிவு இத்தாலிக்குப் போயிருந்தது. 1944, பிப்ரவரி 24. காசினோவுக்குத் தெற்கே மின்யானோ என்கிற இடம். கண்ணிவெடி தேடுகிற ஒரு சின்னக் குழுவை அவர் நடத்திக்கொண்டு போகிறார். முன்னாலே போனவருடைய காலடியில் ‘பொத்’தென்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அது துள்ளுகிற வகைக் கண்ணிவெடி. மிதித்ததும் முதலில் சின்னதாக ஒரு வெடி. அப்புறம் நாலே நாலு விநாடி. அப்புறம் அது மேலே எகிறி, இடுப்பு உயரத்திலே வெடித்து, சுற்றி இருக்கிற எல்லாரையும் இரும்புத் துண்டாலே சல்லடையாக்கும்.

நாலு விநாடி! நாம் இங்கே ‘நடுவர் அவர்களே’ என்று ஒரு தடவை நிதானமாகச் சொல்வதற்குள் முடிந்துவிடும். அந்த நேரத்திலே ஒருத்தர் கணக்குப் போட முடியுமா? ஊரிலே இருக்கிற வயலை நினைக்க முடியுமா? சுப்பிரமணியன் நினைத்தாரோ இல்லையோ, செய்தார். அந்தக் கண்ணிவெடியின் மேலே தன் உடம்பைக் கொண்டு விழுந்தார். வெடித்தது. அவர் உயிர் போனது. கூட வந்தவர்கள் பிழைத்தார்கள்.

(அரங்கில் நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, அவர் மறைவுக்குப் பிறகு அவருக்கு ஜார்ஜ் சிலுவை கொடுத்தார்கள். 1940-இல் ஏற்படுத்திய விருது அது. எதிரிக்கு நேரே நின்று காட்டுகிற வீரத்துக்கு விக்டோரியா சிலுவை. எதிரியே எதிரில் இல்லாத இடத்தில் காட்டுகிற, அதற்குச் சமமான வீரத்துக்கு ஜார்ஜ் சிலுவை. இதை நான் என் வழக்கிலே முதல் சாட்சியாக வைக்கிறேன். எதிரே பகைவன் நின்றால் கோபம் வரும்; கோபம் கையைத் தூக்க வைக்கும். நாலு பேர் பார்த்தால் மானம் வரும். மானம் காலை முன்னே வைக்கச் சொல்லும். எதிரே பகைவனும் இல்லை, கோபமும் இல்லை, மண்ணிலே கிடக்கிற ஒரு டப்பா. அதன் மேலே விழுவதற்கு எது வேண்டும்? பக்கத்திலே நிற்கிறவன் மேல் உள்ள பாசம் ஒன்றுதான் வேண்டும். வாள் கற்றுக்கொடுப்பது எதிரியைப் பார்க்க. மண்வெட்டி கற்றுக்கொடுப்பது பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க. ஏனென்றால் சுரங்கத்துக்குள்ளே தனியாகப் பிழைத்தவன் எவனும் கிடையாது! (கைதட்டல்)

சமாதான காலத்துக்கும் இந்தக் கைதான் வேண்டும். கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து நம் ஜனங்கள் பஞ்சம் பிழைக்கப் போன இடம். மூன்று கிலோமீட்டருக்கு மேலே ஆழம் போனார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தவர்கள் உண்டு. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் யார் கழுத்திலேயோ மின்னுகிறது. தோண்டினவர் நெஞ்சிலே தங்கியது தூசுதான்.

2023, நவம்பர் 12. தீபாவளி அன்றைக்கு உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டு இயந்திரம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆர்னல்ட் டிக்ஸ் என்ற சுரங்க நிபுணர் வந்தார். துளை போட்ட இயந்திரம் கடைசியில் உடைந்து உள்ளே சிக்கிக்கொண்டது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் பாக்கி. யாரைக் கூப்பிட்டார்கள்? எலி வளைத் தொழிலாளிகளை. குழாய்க்குள்ளே ஊர்ந்து போய்க் கையாலே மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார்கள். நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் தம்பிகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பதினேழாவது நாள் 41 பேரும் உயிரோடு வந்தார்கள். அந்த எலி வளை முறையை, ஆபத்தானது என்று 2014-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருந்தது. தடை சரிதான். ஆனால் எந்தக் கையை வேண்டாம் என்றோமோ, அந்தக் கைதான் 41 வீட்டிலே விளக்கு ஏற்றியது! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே நிமிடம், நடுவர் அவர்களே.

இந்த ஒலக்கூர்ப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாழுங்கிணற்றிலே இறங்குவதற்கு முன்னால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கயிற்றிலே விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. பெல்ஜியத்திலே குருவி செய்த வேலையை இங்கே அகல் விளக்கு செய்தது. இன்றைக்குக் கழிவுநீர்த் தொட்டியிலே ஒரு மனுஷனை இறக்குகிறோமே, அங்கே விளக்கும் இல்லை, குருவியும் இல்லை. மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். சுபேதார் சுப்பிரமணியனுக்காகக் கை தட்டிய கை, நாளைக்கு நம் வீட்டுத் தொட்டிக்குள்ளே இன்னொரு தம்பியை இறங்கச் சொல்லக் கூடாது. இறங்கு என்று சொல்கிறவரிடம் ‘இயந்திரம் கொண்டு வா’ என்று சொல்ல வேண்டும். கை தட்டியதற்கு அதுதான் அர்த்தம்.

வள்ளுவர் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரம் வைத்தார். எதிரணிக்கு அது சந்தோஷம். அவரே அரண் என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். எங்களுக்கு அது போதும். தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலத்தைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டியவரும் அவரே. நிலம் அவனைத் தாங்குகிறது. நாம் தாங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

வாளுக்கு உறை உண்டு. போர் முடிந்தால் உறைக்குள்ளே போய்விடும். மண்வெட்டிக்கு உறை கிடையாது. அது போருக்கும் போகும், கழனிக்கும் போகும், இடிந்த இடத்திலே உயிரைத் தேடவும் போகும். ஆகவே நாட்டைக் காப்பதில் விஞ்சி நிற்பது மண்வெட்டி பிடித்த கையே என்று நல்ல தீர்ப்பு தாருங்கள் என்று கேட்டு, அமர்கிறேன்.